பெண்ணழைப்பு பஸ்ஸில் வேலூருக்கு

வேலூர் என்று பலகை போட்ட பஸ் எது போனாலும் நின்று கையாட்டுகிற பழக்கம் எனக்கு ஒன்பது வயதில் இருந்தது. உள்ளே தெரிந்தவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த பஸ் போய்ச் சேருகிற ஊரில் என் சித்தி இருந்தாள், அவ்வளவுதான். பென்னலூரில் எங்கள் வீடு பெங்களூர் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையாட்டிக்கொண்டேதான் வருவேன். சில கண்டக்டர்கள் பதிலுக்குக் கையாட்டியிருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சித்தியிடம் சொல்வார்கள் என்றுகூட நம்பியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வந்தபோது கூடவே பாவாடை சட்டையோடு வந்து இறங்கியவள். சீர்வரிசையோடு சேர்த்து இதையும் அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா கேலி செய்வார். நான் பிறந்த பிறகு அம்மாவைவிட என்னை அதிகமாகத் தூக்கியவள் அவள்தான். பெரியவளானதும் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தால் கையெல்லாம் பசை வாசனை அடிக்கும். அந்தக் கையோடு உட்கார்ந்து எனக்குப் பின்னல் போடுவாள். மறுநாள் காலையில் அவிழ்க்கும்வரை ஒரு முடி கலையாது. வாய் அதற்கு மேல். தெருவில் யாராவது சண்டைக்கு வந்தால் அம்மா உள்ளே போவாள், சித்தி வெளியே வருவாள்.

அவளை வேலூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்த பிறகு எங்கள் வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. ஆடிக்கு வருகிறேன் என்றாள், வரவில்லை. தீபாவளிக்கு வந்தாள், இரண்டு நாளில் போய்விட்டாள். அவள் படுத்த பாயை நான் வேறு யாரையும் எடுக்கவிடவில்லை. சித்தி ஞாபகம் வந்தால் பின்னல் சரியில்லை என்று சாக்குச் சொல்லி அழுவேன். அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாதிப் பின்னலில் அவளும் மூக்கை உறிஞ்சுவாள். யாரை யார் தேற்றுவது?

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த வருஷம் வெயில் காலத்தில் எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கோரம் உலகத்துக்கே தெரியும். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதற்கப்புறம் ஆவணி மாசத்தில் வந்த ஒரு புதன்கிழமையைப் பற்றி. எந்தப் பத்திரிகையிலும் வராத புதன்கிழமை.

காலையில் அரிசி மில் வாட்ச்மேன் சைக்கிளில் வந்து நின்றார். எங்கள் தெருவுக்கே மில்லில்தான் போன். சித்தப்பா பேசியிருக்கிறார். சித்திக்குச் சில நாளாக வயிற்றுவலி. வாயு என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். துடித்துப்போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், குடல் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்களாம். சித்தி மாட்டேன் என்கிறாள். அக்கா வந்து சொன்னால்தான் உள்ளே போவேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நேரம் போகப் போக விஷம் உடம்பெல்லாம் ஏறும், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே புறப்பட்டு வரவேண்டும். இதுதான் செய்தி.

ஊரையே வாயால் அடக்குகிற சித்திக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, சித்தியைப் பார்க்கப் போகிறோமே!

அப்பா மறைமலை நகரில் ஷிப்டில் இருந்தார். கம்பெனிக்குப் போன் போட்டால் கேட்டில் இருப்பவர் எடுத்து, மெஷின் லைனில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிடுவார். ஓ.டி. முடித்து அவர் வருவதற்குள் இருட்டிவிடும். அம்மாவோ காஞ்சிபுரத்தைத் தாண்டித் தனியாகப் போனவள் இல்லை. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் பெரிய முகூர்த்தம். பாதித் தமிழ்நாட்டுக்குக் கல்யாணம், மீதித் தமிழ்நாடு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் தினமும் கையாட்டுகிற பஸ்களெல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்க, நிற்காமல் போயின. அம்மா ரோட்டில் பாதிவரை இறங்கிக் கும்பிட்டுப் பார்த்தாள். ஒரு டிரைவர் திட்டிவிட்டுப் போனார். பிறகு ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். நல்ல மனுஷர்தான், ராணிப்பேட்டை வரைக்கும் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். உள்ளே ஏற்கெனவே நாலைந்து ஆண்கள். அம்மா படியில் கால் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "வர்றியா இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டு அவரும் போய்விட்டார்.

மில் வாட்ச்மேனே இரக்கப்பட்டு ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சைக்கிளை மிதித்து வாடகைக் கார் பார்க்கப் போனார். எல்லாக் காரும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. ஒன்றே ஒன்று நின்றதாம். கார்க்காரர் கேட்ட வாடகையை வாட்ச்மேன் வந்து சொன்னதும் அம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து வாட்ச்மேனைத் திருப்பி அனுப்பினாள். அதற்குள் கார்க்காரர் வேறு கிராக்கி பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தோடு மட்டும் திரும்பி வந்தது. அம்மா அதைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேதான் எதிர்வீட்டுத் தையல்காரம்மா எங்களைப் பிடித்தார். தண்டலத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்திருந்தார். அதைக் கொடுக்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடக்கும். முந்தின நாளே பெண்ணையும் உறவுக்காரர்களையும் ஒரு பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போவார்கள், அதுதான் பெண்ணழைப்பு. இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வேலூருக்கு அந்தப் பக்கம்.

"பஸ்ஸு வேலூர் வழியாதான் போவுது. நான் சொல்லி ஏத்தி வுடறேன். ஆனா இந்தக் கோலத்துல வந்தா கிட்டயே சேக்க மாட்டாங்க. போயி பட்டு கட்டிக்கினு வா. பூ வெச்சிக்கோ" என்றார் தையல்காரம்மா.

"கூடப் பொறந்தவ அங்க கெடக்கறா. நான் பட்டு கட்டிக்கினு போவணுமா?" என்று அம்மா கத்தினாள். அம்மா கத்தி நான் கேட்டது அன்றுதான்.

"கட்டலன்னா இங்கியே குந்திக்கினு இரு."

அம்மாவிடம் இருந்தது ஒரே பட்டு, அவள் முகூர்த்தத்துக்குக் கட்டிய அரக்கு நிறப் புடவை. பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினாள். அவசரத்தில் கொசுவம் நிற்கவில்லை; தையல்காரம்மாதான் மண்டியிட்டு உட்கார்ந்து சரி செய்தார். எனக்குத் தீபாவளிப் பாவாடை. அழுத கண்ணுக்கு மை, நெற்றியில் பெரிய பொட்டு. வேலூருக்குப் போவதற்காக நாங்கள் மூன்று பேரும் மெட்ராஸ் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். கிழக்கே போனால் மேற்கே போகலாம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

தண்டலத்துக் கல்யாண வீட்டில் எல்லாமே பெண்ணின் அத்தை கையில்தான் இருந்தது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தையல்காரம்மா காதோடு காதாக விஷயத்தைச் சொன்னதும் அந்த அத்தை எங்களைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார்.

"உசுருக்கு ஒண்ணும் ஆவலியே? எங்க பொண்ணு மொத மொதலா வாசல் தாண்டுது. தீட்டோட ஏத்த முடியாது, சொல்லிட்டேன்."

"உசுரோட கீறாக்கா" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கு அது நிச்சயமில்லை என்பது குரலில் தெரிந்தது.

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். சரி, ஏறிக்கொள் என்றார். ஆனால் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே பஸ்ஸில் வரக்கூடாது, யார் கேட்டாலும் பெண் வீட்டு சைடு என்று சொல்லவேண்டும், கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. இத்தனையும் சொல்லிவிட்டு நாலு எட்டு போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"பொண்ணு பஸ்ஸு ஏறசொல்ல எல்லாரும் அழுவாங்க. அழுவறதுன்னா அப்ப சேந்து அழுதுடு. அப்புறம் மூஞ்சியக் கழுவிக்கினு வந்து குந்தணும்."

பஸ் வாசலில் தயாராக நின்றது. மாவிலை, வாழைக்கன்று எல்லாம் கட்டியாயிற்று. ஆனால் கிளம்பவில்லை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். எமனுக்கு ராகு காலம் கிடையாது என்பதை அந்த வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது? எங்களுக்கு இலை போட்டார்கள். அம்மா சோற்றைப் பிசைந்தாள், பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். நான் இரண்டு அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒன்றரை தாண்டியதும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பெண்ணை அழைத்து வந்தார்கள். பெண்ணின் அம்மா ஆரம்பித்தாள். அப்புறம் அக்காக்காரி, பெரியம்மாக்காரி, தெருவில் நின்ற ஜனம். சொல்லி வைத்த மாதிரி அம்மாவும் ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. பெற்றவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள், அம்மா நிறுத்தவில்லை. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் கண்ணே, உன்ன எங்கயோ கட்டிக் குடுத்துட்டனே" என்று விக்கினாள். யாருப்பா அது, இவ்வளவு பாசமாக என்று ஒருத்தி விசாரித்தாள். "ஒறவுமொற" என்று அத்தை ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார். மணப்பெண் பாவம், தான் யாரென்றே தெரியாத ஒருத்தி தனக்காக இப்படி அழுகிறாளே என்று உருகிப்போய், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க, நான் நல்லா இருப்பேன்" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ ஒரே வெட்கம். முன்பின் தெரியாத வீட்டில் இப்படியா அழுவது!

பிறகு அம்மா குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினாள். அதற்கப்புறம் வேலூர்வரை ஒரு சொட்டு இல்லை. சொன்ன சொல் தவறாதவள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பயணம் ரொம்பப் பிடித்திருந்தது. ஜன்னல் ஓரம் கிடைத்தது. கட்டுச்சோறு, முறுக்கு, லட்டு என்று வந்துகொண்டே இருந்தது. நீ யார் வீட்டுப் பொண்ணு, எந்த வழியில் உறவு என்று ஒரு அம்மாள் மடக்கியபோது, "சித்தி வழியில" என்றேன். அவர் நம்பிவிட்டார். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். அம்மாவையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினாள், தாளம் தப்பாமல் தட்டினாள். வழியில் எந்தப் பிள்ளையாரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கோவிலுக்குக் கோவில் பஸ் நின்றது, தேங்காய் உடைந்தது, எல்லோரும் நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துத் தள்ளுவாள், அவள் தள்ளினால்தான் பஸ் நகரும் என்பதுபோல.

காவேரிப்பாக்கத்துக்கு முன்னால் எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பறையும் பூவுமாகப் பாடை எங்கள் ஜன்னலை ஒட்டிக் கடந்தது. "எதிர்ல வந்தா நல்லது, போற காரியம் ஜெயம்" என்று பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்ததில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. நான் முகம் சுளித்தேன். அவள் கவனிக்கவில்லை.

வேலூரில் வெயில் தணிந்திருந்தது. கல்யாணப் பெண் இருக்கிற பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த முடியாது. அத்தை எழுந்து, பூ வாங்கவேண்டும் என்று அதிகாரமாகக் கத்தி, கொஞ்சம் முன்னாலேயே ஒரு பூக்கடையில் பஸ்ஸை நிறுத்தினார். எங்களையும் இறக்கினார். கட்டுக் கழுத்தியை வெறுங்கையோடு இறக்கிவிடக்கூடாது என்று வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, தேங்காய் எல்லாம் அம்மா மடியில் கட்டி, அம்மா நெற்றியில் குங்குமம் வைத்தார். வாங்கிய பூவில் முதல் முழத்தைக் கிள்ளி அம்மா தலையில் சொருகினார்.

"அதோ அந்தக் கேட்டுதான். ஓடு" என்றார்.

ஓடினோம். கேட்டில் இருந்தவர் எங்கள் அலங்காரத்தைப் பார்த்து மிரண்டே உள்ளே விட்டுவிட்டார். சித்தப்பா வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மாவிடம் அவர் மெதுவாக ஏதோ சொன்னார். லேட் ஆகிவிட்டது, இனிமேல் பாதிக்குப் பாதிதான் நம்பிக்கை என்று டாக்டர் சொன்னதாகப் பெரியவளான பிறகு எனக்குத் தெரிந்தது. அப்போது நான் சித்தியின் கட்டிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடிக்கவே சிரமமாக இருந்தது. அத்தனை சின்னதாகக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண் விரிந்தது. பிறகு பட்டுப் புடவையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், மடியில் துருத்திக்கொண்டிருந்த தேங்காயைப் பார்த்தாள்.

"யார் வூட்டுக் கல்யாணம்க்கா?" என்றாள். கேட்டபோதே முகம் கோணிவிட்டது. "நான் இங்க செத்துக்கினு கீறேன். நீ பந்தியில குந்திக்கினு இருந்தியா?"

இப்போது அம்மா சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். நிற்காத பஸ், லாரிப் படி, கழற்றிய தோடு, ராகு காலம், வழிநெடுகப் பிள்ளையார்கள் எல்லாவற்றையும் சொல்வாள், சித்தி கேட்டு உருகிப்போவாள், மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுவோம். அம்மா ஒரு கணம் சித்தப்பா பக்கம் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

அம்மா சிரித்தாள். "பின்ன? உனக்கு வவுத்து வலின்னா ஊர்ல முகூர்த்தத்த நிறுத்திடுவாங்களா? தண்டலத்துல கல்யாணம்டி. நல்ல சாப்பாடு. துன்னுட்டு சாவகாசமா வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையில் கிள்ளினாள். தோல் கையோடு வந்துவிடும்போல ஒரு கிள்ளு.

சித்தி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "அப்ப எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. இருந்தா நீ எலயில குந்தியிருக்க மாட்ட."

"உனக்கு என்னாடி இருக்குது? எல்லாருக்கும் பண்ற ஆபரேஷன்தான்."

"பாயசம் போட்டாங்களா?"

"சேமியாப் பாயசம். முந்திரியக் கண்ணால பாக்க முடியல."

சித்தி சிரித்தாள். சிரித்தால் வலித்தது, வலித்தாலும் சிரித்தாள். இன்னொரு கையையும் எடுத்துவிட்டாள். என்னைக் கிட்டே இழுத்து, "நீயும் துன்னியாடி? என்ன உட்டுட்டுத் துன்னியா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். நான் அப்பளம் தின்றவள். இல்லையென்று சொல்லவும் முடியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, எங்கே கையெழுத்துப் போடவேண்டும், எங்கள் அக்கா வந்தாயிற்று என்றாள் சித்தி. தள்ளுவண்டியில் போகும்போது தலையைத் தூக்கி, திரும்பி வந்ததும் பாயசம் வேண்டும் என்று கேட்டாள். சரி என்றாள் அம்மா.

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பொய் சொன்னாய், நாம் எப்படித் தவித்துக்கொண்டு வந்தோம் என்று சித்திக்குத் தெரியவே இல்லையே என்று கேட்டேன். "தெரிஞ்சா பயந்துடுவாடி" என்றாள் அம்மா. எதற்குப் பயப்படுவாள்? நாம் சித்தியைப் பார்க்க ஓடி வந்தோம் என்றால் சந்தோஷம்தானே படவேண்டும்? நான் கோபித்துக்கொண்டு பெஞ்சின் அடுத்த முனைக்குப் போய் உட்கார்ந்தேன்.

சித்தி மறுநாள் விடியும்போது போய்விட்டாள். அதே நேரத்துக்குத் தண்டலத்துப் பெண்ணுக்குத் தாலி ஏறியிருக்கும். நாம் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவள் உயிரோடுதான் இருந்தாள், அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு நம்மால் ஒரு தீட்டும் ஒட்டவில்லை என்று அம்மா பிற்பாடு யோசித்து நிம்மதிப்பட்டாள். அவளுக்கு அந்த நிம்மதியும் தேவையாக இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொன்னாள், தையல்காரம்மாவிடம் சொன்னாள், தோட்டை வாங்கிக்கொண்டு போன வாட்ச்மேனிடம்கூடச் சொன்னாள்.

"சிரிச்சிக்கினுதான் போனா. பயப்படாம போனா."

வந்தவர்களும் அதைக் கேட்டு, ஆமாம், அது பெரிய விஷயம் என்று தலையாட்டினார்கள். நான் உள்ளே, யாரையும் எடுக்கவிடாமல் வைத்திருந்த பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். இந்தப் பெரியவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்றுதான் எனக்கு இருந்தது. பயப்படாமல் போனால் என்ன, திரும்பி வரவில்லையே.